குளிசைக்கு முழங்கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு ஃபாமசியில் கவுன்டருக்குப் பின்னால் நிற்பதுதான் என் வேலை. அங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி விலையைப் பற்றியது. அடுத்தது, "பிள்ளை, இது சாப்பாட்டுக்கு முதலா, பிறகா?" என்பது. எப்போதாவதுதான் எனக்குப் பிடித்த மாதிரி ஒரு கேள்வி வரும். டொக்டரின் துண்டில் இருந்த டைக்ளோஃபெனக் என்ற நோக் குளிசையை எடுத்துக் கொடுத்தபோது ஒரு மாமி கேட்டார்: "நோ முழங்காலில. இதை விழுங்கிறது வாயால. இதுக்கு எப்பிடித் தெரியும் முழங்காலுக்குப் போகோணும் எண்டு?"

தெரியாது, மாமி. குளிசை குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, இரத்தம் போகிற இடமெல்லாம் போகும். நோகிற முழங்காலுக்கும் போகும், நோகாத முழங்காலுக்கும் போகும், காது மடலுக்கும் போகும். போன இடமெல்லாம் ஒரே வேலைதான்: புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிற நொதியைத் தடுப்பது. முழங்காலில் அந்தப் பொருள் நோவையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. அது குறைந்தால் மாமி படியேறுவார். ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதே பொருள்தான். சிறுநீரகத்துக்குள் இரத்தம் தாராளமாகப் போக வழிவிடுவதும் அதுதான். அங்கேயும் குறைந்துவிடுகிறதே! முழங்காலில் பார்த்த வேலையை வயிற்றிலும் பார்த்ததால் வந்ததுதான் வயிற்றெரிவு. அதனால்தான் கவரில் "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று எழுதுகிறோம். அதனால்தான், பிரஷருக்கு லொசாட்டனும் நீர் போகிற குளிசையும் எடுக்கிற ஒருவர் "நாரி நோவுக்கு ஏதாவது தாங்கோ" என்று வந்தால் டைக்ளோஃபெனக்கைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வராது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் இடி.

அஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று லண்டனில் ஜோன் வேன் என்ற மருந்தியலாளர் காட்டியது 1971இல். அஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899இல். இடையில் எழுபது வருடத்துக்கும் மேலாக, எப்படி வேலை செய்கிறதென்று சரியாகத் தெரியாமலே உலகம் அதை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

மாமிக்கு ஜெல்லைக் காட்டினேன். பூசினால் பூசின இடத்திலேயே கூடுதலாக நிற்கும், இரத்தத்துக்குப் போவது கொஞ்சம்தான், வயிறு தப்பும் என்றேன். "மணக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிசையோடு போனார்.

இதே கதை இருமலிலும் உண்டு. வறட்டு இருமல், கிழமைக்கணக்காய் நிற்கவில்லை, ஒரு நல்ல பாணி மருந்து வேண்டும் என்று வருவார்கள். பாணி போத்தலை எடுக்குமுன் நான் கேட்பது, "பிரஷருக்கு என்ன குளிசை எடுக்கிறீங்கள்?" எனலாபிரில் என்றால் போத்தலை எடுக்கமாட்டேன். இந்த வகையில் முதலில் வந்த கப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராயப்போய்க் கிடைத்தது. இரத்தக் குழாயை இறுக்குகிற ஒரு பொருளை உண்டாக்கும் நொதியை இந்த வகை மருந்து தடுக்கிறது, பிரஷர் இறங்குகிறது. அந்த நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளை உடைத்து அப்புறப்படுத்துவது. அது உடையாமல் தேங்கி, தொண்டையில் கரகரத்து, சிலருக்கு இருமலாகிறது. எத்தனை போத்தல் பாணி குடித்தாலும் அது போகாது. கிளினிக்கில் சொன்னால் பெரும்பாலும் லொசாட்டனுக்கு மாற்றிவிடுவார்கள். லொசாட்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை.

சரி, மருந்து எல்லா இடமும் போகும் என்றேன். ஆனால் முதலில் அது உள்ளே போக வேண்டும். விழுங்கியதெல்லாம் உள்ளே போய்விட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். குடலுக்குள் இருப்பது இன்னும் வெளியேதான்.

எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கிற அலென்ட்ரோனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு குளிசை, 70 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீருடன், நின்றோ இருந்தோ விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, வாயில் எதுவும் வைக்கக்கூடாது. இந்தச் சட்டமெல்லாம் கேட்டு ஒரு அன்ரி "இது குளிசையா, தவமா?" என்றார். காரணம் இதுதான்: எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால்கூட அதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இரத்தத்துக்குள் போகிறது. 70 மில்லிகிராம் விழுங்கினால் உடம்புக்குக் கிடைப்பது ஒரு மில்லிகிராமும் இல்லை. அதோடு கோப்பியோ தோடம்பழச் சாறோ குடித்தால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடும். படுத்தால் குளிசை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். உள்ளே போன அந்தத் துளியில் ஏறக்குறையப் பாதி எலும்பில் போய்ப் படிந்துவிடும். பிறகு வருடக்கணக்கில் அங்கிருந்து நகராது. அதனால்தான் கிழமைக்கு ஒன்று போதும்.

இரும்புக் குளிசையும் இப்படித்தான். நாங்கள் தேயிலை நாட்டுக்காரர், எந்தக் குளிசையையும் தேத்தண்ணியோடுதான் இறக்குவோம். தேயிலையின் தனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் நல்லாய்ச் சேரும். சிப்ரோஃபுளொக்சசின், டொக்சிசைக்கிளின் போன்ற அன்டிபயோட்டிக்குகளுக்குப் பால் ஆகாது, பாலிலுள்ள கல்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

குடலைத் தாண்டினாலும் உடனே உடம்புக்குள் விட்டுவிடமாட்டார்கள். குடலிலிருந்து புறப்படுகிற இரத்தம் நேரே ஈரலுக்குத்தான் போகிறது. சில மருந்துகள் அங்கே கொஞ்சம் இழக்கும், சிலது கிட்டத்தட்ட முழுக்க அழிந்துவிடும். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கிற ஜீடிஎன் குளிசை இதில் இரண்டாவது வகை. விழுங்கினால் ஈரலே அதைத் தின்றுவிடும். நாக்கின் கீழ் வைத்தால் அங்கிருக்கிற நுண்ணிய நாளங்கள் வழியாக, ஈரலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் வேலையைக் காட்டும். பிரஷர் விழுந்து தலை சுற்றும், அதனால் இருந்துகொண்டுதான் வைக்க வேண்டும்.

ஜீடிஎன் பற்றி இன்னொன்று. இது ஆவியாகிப் போகிற மருந்து, பிளாஸ்டிக்கிலும் ஊறிவிடும். அதனால்தான் இருண்ட நிறக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடித் தருகிறோம். நாள் வாரியாகப் பிரித்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறதே, வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்போடு வாங்கி அனுப்புவது, அதற்குள் ஜீடிஎன்னையும் கொட்டி வைத்திருந்தார் ஒரு ஐயா. பார்த்தால் குளிசை குளிசை மாதிரித்தான் இருக்கும், நெஞ்சைப் பிடிக்கிற நேரத்தில் உள்ளே மருந்து இருக்காது. போத்தலைத் திறந்து எட்டு வாரமானால் மிச்சத்தை வீசிவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்வேன். பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களும் உண்டு. அதன் விலைக்கு நான் மாளிகை கட்டமுடியாது.

விழுங்குவது பற்றிச் சொல்கிறபோது சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற மெட்ஃபோமின் எக்ஸ்ஆரையும் சொல்லிவிடுகிறேன். மெதுவாக மருந்தை விடுகிற குளிசை அது. மலத்தோடு குளிசை அப்படியே வந்துவிட்டது, போலி மருந்து தந்துவிட்டீர்கள் என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். வந்தது வெறும் கோது. மருந்து உள்ளே வழிந்து முடிந்தபின் கோது மட்டும் வெளியேறுவது வழமை. ஆனால் இந்த வகைக் குளிசைகளை உடைத்தோ அரைத்தோ கொடுக்கக்கூடாது. நாள் முழுக்க மெல்ல மெல்ல வரவேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும்.

இனி, போய்ச் சேர்ந்த இடத்தில் மருந்து என்ன செய்கிறது? 1905இல் கேம்பிரிஜில் லாங்லி என்ற உடலியலாளர் நிக்கொட்டினையும் குராரே என்ற அம்பு நஞ்சையும் தசையில் விட்டுப் பார்த்தார். நிக்கொட்டின் தசையைச் சுருக்கியது, குராரே அதைத் தடுத்தது. நரம்பை வெட்டி, அது செயலிழந்த பிறகும் அப்படியேதான். ஆகவே தசையிலேயே இந்த இரண்டும் போட்டி போட்டுப் பிடிக்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்றார். அதைத்தான் இன்றைக்கு ஏற்பி என்கிறோம். புத்தகங்களில் எல்லாம் பூட்டும் சாவியும் என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. காலி வீதியில் ஓடுகிற 100ஆம் இலக்க பஸ்ஸை நினையுங்கள். சீட்டில் ஒருவர் வந்து இருந்தால் கொண்டக்டர் டிக்கெட் கிழிப்பார், அதாவது அந்தக் கலத்தில் ஒரு வேலை நடக்கும். அட்ரினலின், ஹிஸ்டமின் எல்லாம் அப்படி வந்து இருப்பவை. சில மருந்துகளும் அவற்றைப் போலவே வந்து இருக்கும், டிக்கெட் கிழிபடும். வேறு சில மருந்துகள் சீட்டில் போட்ட கைக்குட்டை மாதிரி. டிக்கெட்டும் கிழிபடாது, மற்றவர் இருக்கவும் முடியாது. கூட்டம் மிகவும் கூடினால் கைக்குட்டையைத் தள்ளிவிட்டு இருந்துவிடுவார்கள், அதுவும் நடக்கும்.

வீசிங்குக்கு இழுக்கிற சல்பியூட்டமோல் வந்து இருக்கிற வகை. மூச்சுக்குழாய்த் தசையில் இருந்து அதைத் தளர்த்தும். அதே சீட் கைத் தசையிலும் உண்டு, அதனால்தான் இரண்டு மூன்று தரம் இழுத்தபின் கை நடுங்குகிறது. புரோப்ரனலோல் கைக்குட்டை வகை. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு. இதயத்தில் அட்ரினலின் இருக்கவேண்டிய சீட்டைப் பிடித்துப் படபடப்பைக் குறைக்கும். மூச்சுக்குழாயிலும் அது சீட் பிடிக்கும், அங்கே பிடித்தால் வீசிங் உள்ளவருக்கு மூச்சு முட்டும். அதனால் "அக்காவுக்குப் படபடப்புக்குத் தந்தது, எனக்கும் ரெண்டு தாங்கோ" என்று கேட்டால் கிடைக்காது. தடிமனுக்கும் தும்மலுக்கும் எடுக்கிற பிரிட்டோனும் கைக்குட்டைதான், ஹிஸ்டமினின் சீட்டில். தும்மல் நிற்கும். மூளைக்குள்ளும் நுழைந்து அங்கே விழித்திருக்க வைக்கிற ஹிஸ்டமினின் சீட்டையும் பிடிப்பதால் நித்திரை வரும். த்ரீவீல் ஓட்டுகிற தம்பிமார் தடிமனுக்கு மருந்து கேட்டால் நான் பிரிட்டோனை எடுப்பதில்லை. லொராட்டடின் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை.

நேரக்கணக்குதான் ஆட்களை அதிகம் குழப்புகிறது. "மருந்து உடம்பில எவ்வளவு நேரம் நிற்கும்?" என்பதும் "எவ்வளவு நேரம் வேலை செய்யும்?" என்பதும் வேறு வேறு கேள்விகள். அஸ்பிரின் இரத்தத்தில் பாதியாகக் குறைய இருபது நிமிடம்கூட ஆகாது. அப்படியானால் இரத்தம் கட்டியாகாமல் இருக்க நாளுக்கு ஒரு 75 மில்லிகிராம் எப்படிப் போதும்? போகிற போக்கில் அது இரத்தத் தட்டுக்களின் நொதியை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போகிறது. தட்டுக்களுக்குக் கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள அவற்றால் முடியாது. எட்டுப் பத்து நாளில் அந்தத் தட்டு செத்து, எலும்பு மச்சையிலிருந்து புதுத் தட்டு வரும்வரை பாதிப்பு நிற்கும். பல்லுப் பிடுங்கப் போகிறவரிடம் அஸ்பிரின் எடுப்பதை முன்கூட்டியே டொக்டருக்குச் சொல்லுங்கள் என்பது இதனால்தான். தானாக நிற்பாட்டுவதும் கூடாது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்து.

ஊரெல்லாம் "காஸ் குளிசை" என்று சொல்கிற ஒமிப்ரசோலும் இந்த ரகம். அமிலம் சுரக்கிற பம்பைப் பிடித்து மூடிவிடும், ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற பம்பைத்தான் பிடிக்கும். பம்பை ஓட வைப்பது சாப்பாடு. எனவே சாப்பிட அரை மணிக்கு முன் எடுத்தால் பம்புகள் ஓடத் தொடங்குகிற நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக நிற்கும். இரவு கொத்துரொட்டியும் சாப்பிட்டு முடித்து, எரிகிறது என்று அதற்குமேல் ஒமிப்ரசோல் போடுவதில் பெரிய பிரயோசனம் இல்லை.

மறுபக்கம் தைரொயிட் குறைவுக்கு எடுக்கிற தைரொக்சின். பாதியாகக் குறையவே ஒரு கிழமை பிடிக்கும். எந்த மருந்தும் தினம் எடுத்து உடம்பில் ஒரு நிலையான அளவுக்கு வர, பாதியாகக் குறைகிற நேரத்தைப்போல நான்கைந்து மடங்கு ஆகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே தைரொக்சினுக்கு ஐந்து கிழமை. டோஸ் கூட்டி நாலு நாளில் "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று வருகிறார்கள், சிலர் தாங்களாகவே இன்னும் அரைக் குளிசை கூட்டிவிட்டு வருகிறார்கள். ஆறு கிழமை கழித்து இரத்தம் பார்க்கச் சொல்வது கிளினிக்கில் இடமில்லாததால் அல்ல.

விரதக் காலத்தில் இன்னொரு சிக்கல். கந்தசஷ்டி, நோன்பு, எதுவானாலும் சரி. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமினும் கிளிக்ளசைட்டும் சேர்த்து எடுக்கிறவர்கள் நிறைய. இரண்டையும் "சீனிக் குளிசை" என்று ஒரே பேரில் சொல்கிறார்கள், வேலை முற்றிலும் வேறு. மெட்ஃபோமின் முக்கியமாக ஈரல் சீனி செய்து விடுவதைக் குறைக்கிறது. தனியே எடுத்தால் சீனியை அளவுக்குக் கீழே இறக்குவது அரிது. கிளிக்ளசைட் கணையத்தின் கலத்தில் பொட்டாசியம் வெளியேறுகிற வாசலை மூடி, இன்சுலினை வெளியே தள்ளுகிறது. சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சாப்பாட்டை விட்டுக் குளிசையை விடாமல் எடுத்தால் வியர்த்து, நடுங்கி, கோயில் வாசலிலேயே விழலாம். விரதம் தொடங்க முன்னமே டொக்டரிடம் போய் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். சாமி கோபிக்காது.

வெளியேறுகிற வழியும் முக்கியம். மெட்ஃபோமினை ஈரல் உடைத்து அழிப்பதில்லை, அது சிறுநீரில் அப்படியே போகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் உடம்பில் தேங்கும். அதனால் கிளினிக் கொப்பியில் கிரியட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டுகிற இரத்தக் கணக்கு, எழுதியிருக்கிற பக்கத்தை நான் புரட்டிப் பார்ப்பேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, "மருந்தைத் தாங்கோவன்" என்பார்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வாஃபரின் எடுப்பவர்களுக்கு ஒரு வரி மட்டும்: பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை எல்லாவற்றிலும் விற்றமின் கே உண்டு, வாஃபரின் மல்லுக்கட்டுவது அதோடுதான். கீரையை அடியோடு நிற்பாட்ட வேண்டாம். ஒரு கிழமை தினமும், அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று ஆடாமல், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

கடைசியாகப் பனடோல், அதாவது பரசிட்டமோல். இந்த ஊரில் அதை யாரும் மருந்தென்றே கணக்கெடுப்பதில்லை. "ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்றால் "இல்லை" என்பார்கள், கைப்பைக்குள் ஒரு பனடோல் அட்டை இருக்கும். பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு உச்சம் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராமில் எட்டு. மெலிந்தவருக்கும் குடிப்பவருக்கும் அதைவிடக் குறைவு. பரசிட்டமோலில் பெரும்பகுதியை ஈரல் பத்திரமாகக் கட்டி அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நஞ்சாக மாறும், அதைக் குளுட்டத்தயோன் என்ற பொருள் முறிக்கும். அளவு மிஞ்சினால் குளுட்டத்தயோன் தீர்ந்து, அந்த நஞ்சு ஈரல் கலங்களைக் கொல்லத் தொடங்கும். முதல் நாள் ஆள் சாதாரணமாகவே இருக்கலாம், அதுதான் மோசம். முறிமருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன். முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் கேட்கும். ஆகவே கூடிவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மழைக்காலக் காய்ச்சலுக்கு, டெங்கு இல்லையென்று தெரியும்வரை, பரசிட்டமோல் மட்டும்தான். அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் எல்லாம் இரத்தப்போக்கைக் கூட்டும்.

வெள்ளவத்தையில் இதற்கு ஒரு தனிக் கிளை உண்டு: கனடாவிலிருந்து வருகிற டைலனோல். அதன் மட்டையில் அசிட்டமினோஃபென் என்று இருக்கும். அதுவும் பரசிட்டமோல்தான், வட அமெரிக்காவில் அந்தப் பேர். காய்ச்சலுக்குப் பனடோல், மேல் நோவுக்கு மகன் தந்த டைலனோல், தடிமனுக்கு வேறொரு கலவைக் குளிசை என்று மூன்றையும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்குத் தான் ஒரே மருந்தை மூன்று பேரில் விழுங்குவது தெரியவில்லை. எப்படித் தெரியும்? இந்த வர்த்தகப் பேர்க் குழப்பத்துக்கு எதிராக இந்த நாட்டில் முதலில் மல்லுக்கட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தியல் படிப்பித்தவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். மருந்தை அதன் பொதுப்பெயரில் எழுதுங்கள், வாங்குங்கள் என்றார். 1977இல் கயானாவில் இறந்துபோனார். அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவில் வரிசையில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியுமோ.

அதனால் டொரண்டோவிலும் லண்டனிலும் இருந்து "அம்மா என்ன குளிசை எடுக்கிறா?" என்று வட்ஸ்அப்பில் கேட்கிற பிள்ளைகளுக்கு: அம்மாவிடம் பெட்டியின் முன்பக்கப் படம் கேட்காதீர்கள். அதில் பெரிய எழுத்தில் இருப்பது கொம்பனியின் பேர். குளிசை அட்டையின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில்தான் பொதுப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெள்ளித் தாள் மினுங்கி ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.